பெயர் மாறாத இமேஜ்

செவ்வாய், இரவு.

தொப்பூர் இறக்கத்தில் லாரி டிரைவர்களை எச்சரிக்கும் எங்கள் ஆப்பில் இன்றும் மணி அடிக்கவில்லை. அந்தக் கோளாறைத் திருத்தி, சர்வரில் ஓடும் ஆப் முழுவதையும் ஒரே பொதியாகக் கட்டிய புது கன்டெய்னர் இமேஜை நேற்றே ஏற்றிவிட்டதாக எங்கள் டீமில் இருக்கும் ஃபரிதா சொல்லியிருந்தாள். சர்வர்களைப் புதுப்பிக்கும் என் ஸ்கிரிப்டோ ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்றது.

மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். “ஏத்தாமயே ஏத்திட்டேன்னு ஏங்க பொய் சொல்றீங்க?”

“ஏத்திட்டேங்கண்ணா. பேரத்தான் மாத்தல” என்றாள். நான் காதிலேயே வாங்கவில்லை.

சாயங்காலம்தான் புரிந்தது. என் ஸ்கிரிப்ட் இமேஜின் பெயரை மட்டும்தான் ஒப்பிடுகிறது. பெயர் மாறாமல் இருந்ததால், உள்ளே மாறியது அதற்குத் தெரியவில்லை. பழைய இமேஜே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சரிசெய்ததும் மணி அடித்தது.

ஃபரிதாவுக்கு வாட்ஸ்அப்பில் ‘சாரி’ அனுப்பினேன். “பரவால்லீங்கண்ணா” என்று உடனே பதில் வந்தது.

பொய் என்று நான் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். சாரியை அவள் மட்டும்தான் படித்தாள்.