சிஞ்ச்வட் கூட்டத்தில் நான் பேசியது

சிஞ்ச்வட், புனே
ஞாயிறு மாலை

அன்புள்ள வைஷு அப்பாவுக்கு,

நானும் வைஷுவும் சௌக்கியம். உங்களிடம் அதையே கேட்டால் பொய்தான் பதிலாக வரும், அதனால் கேட்கவில்லை. பக்கத்தில் எப்போதும் ஆள் இருக்கிறது, போனில் எதுவும் பேசாதே என்று சொல்லிவிட்டீர்கள். தங்கை கல்யாணத்துக்கு இங்கே ஏரவாடாவுக்கு வந்த, வேறு கம்பெனியில் வேலை பார்க்கும் உங்கள் அறைத்தோழர் இஸ்மாயில் நாளை இங்கிலாந்து திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எதைச் செய்யாதே என்றீர்களோ அதைச் செய்துவிட்டேன். உங்கள் விசாவுக்கே ஆபத்து வரலாம். கம்பெனியில் உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பதற்குள் இது கைக்கு வந்துசேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

உங்கள் கம்பெனிக்கு ஆள் எடுக்க நேற்று இங்கே ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டார்கள். ஏஜெண்ட் ராகவேந்திரா நாலு தடவை போன் செய்து, அங்கே போனவரின் மனைவி என்று என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்றுதான் போனேன். போசரி தொழிற்பேட்டையிலிருந்து மெஷின் ஆபரேட்டர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். சமோசா, டீ எல்லாம் தடபுடல்.

பிறகு திரையில் நீங்கள் வந்தீர்கள். போட்டிருந்த நீலக் கோட்டில் கடை மடிப்புகூடக் கலையவில்லை. பின்னால் புத்தம்புது மெஷின். மெஷினைக் கண்டால் கை சும்மா இருக்காத மனிதர், கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். "நல்ல கம்பெனிங்க, நம்பி வாங்க" என்று தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை. எல்லோரும் கைதட்டினார்கள். மெஷின் ஓட்டத்தான் என்று சொல்லி விசா எடுத்துவிட்டு, கிடங்கில் பெட்டி தூக்க விட்டிருக்கிறார்கள், பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஒரே ஒரு தடவை போனில் நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கல்லவா தெரியும்? மிரட்டித்தான் பேசவைத்திருப்பார்கள், அதுவும் தெரியும். இருந்தாலும் உங்கள் மேல் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன்.

பக்கத்தில் பாமா. நீங்கள் போனபின் போசரியில் உங்கள் மெஷினில் நிற்கிறாரே கேஷவ், அவர் மனைவி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரஞ்சனிக்கா, திங்கக்கெழம இவரு வேலய விடறாரு. அண்ணாவே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன, இல்லக்கா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆட்டத்தான் நினைத்தேன். வேறொரு கம்பெனி உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்கச் சம்மதித்திருக்கிறது, அது முடியும்வரை ஒரே ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிரு என்று நீங்கள் கெஞ்சியதை நான் மறக்கவில்லை.

அதற்குள் ராகவேந்திரா என் கையில் மைக்கைத் திணித்து, "பாபிஜி, நீங்களும் ரெண்டு வார்த்தை" என்றார். பாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து பொய் வரவில்லை, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அங்கே மெஷினைத் தொட்டதே இல்லை, பெட்டி தூக்குகிறார், பாஸ்போர்ட் அவரிடம் இல்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவிட்டேன். மைக்கை அணைத்தார்கள். ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் செய்தது உறைத்தது. உங்களை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேனோ என்று இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

கேஷவ் வேலையை விடப்போவதில்லை. இஸ்மாயிலும் அவரை நேரில் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். காலையில் பாமா வந்தாள். வைஷுவுக்குத் தலை பின்னிவிட்டுப் போனாள்.

மத்தியானம் ராகவேந்திரா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. புருஷனைப் பிரிந்த ஏக்கத்தில் புத்தி பேதலித்துப் பேசிவிட்டேன் என்று நான் ஒரு வீடியோ கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் உங்கள் ஸ்பான்சர்ஷிப்பை ரத்து செய்துவிடுவார்களாம். அப்படிச் செய்தால் வேறு முதலாளியைப் பிடிக்கக் கொஞ்ச நாள்தான் அவகாசம், பிடிக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று இஸ்மாயில் சொல்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை, கொடுக்க மாட்டேன். கொடுத்தால் அதையே அடுத்த கூட்டத்தில் போட்டுக் காட்டுவார்கள். இன்னும் எத்தனை பாமா ஏமாறுவாள்?

ஆனால் உங்களை மேலாளர் கூப்பிட்டுக் கேட்பார். கேட்டால் என்னை விட்டுக்கொடுத்துவிடுங்கள். அவளுக்குக் கொஞ்ச நாளாகவே புத்தி சரியில்லை, மாத்திரை சாப்பிடுகிறாள், அவள் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லுங்கள். கேமரா முன்னால் வேண்டாம், அவர் அறையில் வாயால் சொன்னால் போதும். அந்த ஒரு மாதத்தை எப்படியாவது ஓட்டிவிடுங்கள். எனக்கு வருத்தமே இல்லை. வைஷுவுக்கு இது எந்த நாளும் தெரியவேண்டாம்.

என்னைப் பற்றிப் பொய் சொல்ல உங்களுக்கு வராது. என்னைப் பைத்தியம் என்று சொல்லும்போது உங்கள் குரல் உடையாமல் இருக்க அந்த முருகன்தான் பக்கத்தில் நிற்கவேண்டும்.

என்றும் உங்கள்,
ஸ்ரீரஞ்சனி