பழைய ஸ்டேஷன்ல இறங்கிட்டேன்

திங்கள், ராத்திரி

இன்னிக்கு காலேஜ்ல முதல் நாள். ஒரு வருஷமா வேலைக்குப் போன அதே ரயில்தான். கூட வேலை செஞ்ச செல்வி அக்கா வழக்கம்போல துப்பட்டா போட்டு எனக்கு சீட்டு பிடிச்சு வெச்சிருந்தாங்க. பங்காருபேட்டை தாண்டியும் பேச்சு ஓயல. ஒயிட்ஃபீல்டு வந்ததும் அவங்களோட நானும் இறங்கிட்டேன். கம்பெனி கேட் வரைக்கும் நடந்தும் போயிட்டேன்.

"இன்னாடி, நீ எங்க வர்ற?"ன்னு அக்கா கேட்டப்பதான் உறைச்சது.

அடுத்த ரயிலப் பிடிச்சு, காலேஜ் இருக்கிற பெங்களூர் கண்டோன்மென்ட் போய்ச் சேர்றதுக்குள்ள முதல் கிளாஸ் முடிஞ்சிடுச்சு. என்னைவிடச் சின்னப் பசங்க திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க. பார்க்கட்டும்.

திரும்பி வரும்போது அக்கா, "பேசாம வேலைக்கே வந்துடு, சூப்பர்வைசர் உன்னக் கேட்டாரு"ன்னாங்க.

நாளைக்கும் அக்கா பக்கத்துலதான் உட்காருவேன். ஒயிட்ஃபீல்டுல அவங்க எழுந்ததும் காலை மடக்கி வழி விடுவேன்.