கடுக்காய்த் தண்ணீர் வழக்கு

9-6-1964
தோல் ஊறப்போடக் கடுக்காய்த் தண்ணீர் பீப்பாய் நிறையக் கிடக்கிறது. அந்த வாடைக்கு ஆபிதா என் சோற்றுத்தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். இத்தனை வருஷத் தாம்பத்தியம்!

12-6-1964
ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தேன். பட்டறையில் மகன் உதுமான் மட்டும். போலீஸ் வந்து சோதனை போட்டு, பீப்பாயை மோந்து, சாராய ஊறல் என்று அவனைப் பிடித்துப் போய்விட்டது. சோதனைக்கு அக்கம்பக்கத்து மரியாதைப்பட்டவர் இருவர் சாட்சி நிற்க வேண்டுமாம். எதிர்ப்பட்டறைப் பூதத்தான் நின்றுகொண்டிருக்க, ஸ்டேஷன் வாசலிலேயே கிடக்கும் இருவரைக் கையோடு கூட்டி வந்தார்களாம். தாராவியில் மரியாதைக்கு அவ்வளவு பஞ்சமா?

15-6-1964
மாட்டுங்கா வக்கீல் வேங்கடசுப்ரமணியனிடம் போனேன். சோதனையே கோணல், கேஸ் நிற்காது என்று நானே தீர்ப்புச் சொன்னேன். ஆறாம் வகுப்புப் படிப்பு!
"சோதனை கோணலானாலும் எடுத்த சாமான் சாட்சியா நிக்கும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுத்து, பாய். இனி லேபாரட்டரி ரிப்போர்ட்தான்."
அதன் நகலை விசாரணைக்கு முன்பே சர்க்கார் தரப்பு நமக்குத் தந்தாக வேண்டுமாம். சட்டம். அப்பாடா. கடுக்காயை எவன் சாராயம் என்பான்? ஜாமீனுக்குத்தான் சொந்த வீட்டுக்காரர் வேண்டுமாம். தாராவியில் யாருக்கு வீடு சொந்தம்?

29-6-1964
ரிப்போர்ட் வரவில்லை என்றார்கள். வேறு தேதி.

13-7-1964
வேறு தேதி. உதுமான் இருமுகிறான்.

24-7-1964
கோர்ட் வராந்தாவில் ஹவில்தார் என் தோளில் கை போட்டார். முதல் தடவைதானே, ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுவார்களாம். உதுமானிடம் சொன்னேன்.
"வாப்பா, அது கடுக்காய்தானே?"
"கடுக்காய்தாம்ல. சும்மா சொல்லிட்டு வீட்டுக்கு வா. உம்மா அழுதுகிட்டே கெடக்கா."

27-7-1964
வக்கீல் வருமுன் கூப்பிட்டுவிட்டார்கள். உதுமான் என்னைப் பார்த்தான். சொல்லு என்று கை காட்டினேன். "கபூல்" என்றான், ஒப்புக்கொண்டேன் என்று. நிக்காஹில் சொன்ன அதே வார்த்தை.
மூன்று மாதம் ஜெயில்.
யா அல்லா, என்ன செஞ்சுபுட்டேன் நான்—

11-8-1964
ரிப்போர்ட்டை வக்கீல் வாங்கிவிட்டார். சாராயம் இல்லையாம். ஜூலை ஆரம்பத்திலேயே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டதாம்.
"தராதது அவா தப்புதான். ஆனா இவன் ஒத்துண்டுட்டானே, பாய். ஹைகோர்ட்ல போட்டா நம்ம கேஸ் வர்றதுக்குள்ள அவனே வெளில வந்துடுவான்."
கோபப்படக்கூட அங்கே வேறு ஆள் இல்லை. நான்தான் இருந்தேன்.

16-8-1964
ஜெயிலுக்குப் போனேன். ரிப்போர்ட் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டுமென்றுதான் போனேன். உதுமான் முந்திக்கொண்டான்.
"வாப்பா சொன்னதுதான் சரி. இல்லன்னா இன்னும் தேதிக்குத் தேதி அலைஞ்சிருக்கணும்லா?"
ஆமா என்றேன்.