சூடத்தில் வைத்த கை

உ

மேல் பிரிவு,
அக்கரப்பத்தனை.
18.04.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி தவமணி எழுதுவது. சுகமா என்று கேட்டால் பதில் போடுவீர்களோ மாட்டீர்களோ, ஆனாலும் கேட்கிறேன். நானும் அப்பாவும் இருக்கிறோம். நீங்கள் வேலை செய்யும் கடை விலாசத்தை மரக்கறி லொறி ஓட்டும் அழகண்ணன்தான் சொன்னார். இந்தக் கடிதத்தையும் அவரிடமே கொடுத்து விடுகிறேன். தபாலில் போனால் நாளாகும். இதில் அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஆனால் முதலில் இருந்து எழுதினால்தான் எனக்கு எழுத வரும்.

தேர்தலில் நீங்கள் தோற்றது தெரிந்த அன்று விடியும் முன்னே நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு அப்பா சரியாக வெளியே வருவதில்லை. வருசப் பிறப்புக்குப் பலகாரம் சுடவில்லை. நம் வரிசை வீட்டு லயத்துச் சுவரில் ஒட்டிய உங்கள் படம் மழையில் பாதி உரிந்து தொங்குகிறது. கிழிக்கவும் மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை.

நான் வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா? மலையில் கொழுந்து எடுக்கும்போது, "மெம்பர் தங்கச்சி வருது, வழி விடுங்கடி" என்கிறார்கள். ஒருத்தி, "என்னா தங்கச்சி, அண்ணே ரோட்ட போட்டு முடிச்சிட்டாரா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வாய் வராது என்று உங்களுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு எடுத்தேன். அவர்கள் பேச்சை விட எனக்கு வெட்கமாக இருந்தது வேறொன்று. நாம் கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கினோமே, அதுதான்.

தேர்தலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை அப்பா லயத்து ஆட்களை எல்லாம் மாரியம்மன் கோயிலுக்கு வரச் சொன்னார். தட்டில் சூடம் கொளுத்தி, ஒவ்வொருவராக அதில் கையை வைத்து அணைத்து, "தம்பி ஜீவராஜுக்குத்தான் என் ஓட்டு" என்று சொல்ல வைத்தார். அணைய அணைய நான் மறுபடி சூடம் வைத்தேன். நீங்கள் கழுத்தில் மாலையோடு அம்மனுக்குப் பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றீர்கள். வயசானவர்களும் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது. கடைசியில் உங்கள் பேருக்கென்று விழுந்த விருப்பு வாக்கு, அன்று கை வைத்தவர்களில் பாதிப் பேர் அளவுக்குக் கூட இல்லை.

முடிவு வந்த பிறகு நான் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் முன் தினமும் கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிட அல்ல, சண்டை பிடிக்க. உன் முன்னால் பொய் சொன்னார்களே, ஏன் கேட்கவில்லை என்று மனசுக்குள் திட்டினேன். அம்மா செத்தபோது, என்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தியபோது கூட அப்படித் திட்டியதில்லை. வாசலைக் கூட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். நாள் போகப் போகத் திட்டு குறைந்துவிட்டது. அங்கே யாரும் ஓட்டைப் பற்றிக் கேட்பதில்லை. இந்த உலகத்தில் எனக்கு முகம் நிமிர்த்த முடிந்த இடம் அது ஒன்றுதான் என்று தோன்றியது. அதையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

எப்படியென்றால், போன கிழமை நம் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பேச்சியம்மா அக்காவின் பிள்ளை சுலக்ஷனாவுக்கு அம்மை போட்டுவிட்டது. உடம்பெல்லாம் முத்து. செய்தியைக் கேட்டதும் அப்பா, "ஆத்தா பாத்துக்கிட்டா" என்றார். அண்ணா, இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். எனக்கும் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. பேச்சியம்மா அக்காவும் சூடத்தில் கை வைத்தவர். நான்கு வயதுப் பிள்ளைக்கு அம்மை போட்டதில் எனக்குச் சந்தோஷம். மறுநாள் கோயிலுக்குப் போனேன், படியில் கால் வைக்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு வேப்பிலை ஒடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். அக்கா என்னைக் கண்டதும் ஓவென்று அழுதார். "அடி தவமணி, நான் தம்பிக்குப் போடலடி. எதிர்த்து நின்ன கணேசமூர்த்தி ஆளுங்க கூரைக்குத் தகரம் குடுத்தாங்க. மழையில இவ படுக்கிற எடத்துல சொட்டுது. எல்லாரும் தம்பிக்குத்தான போடுவாங்க, நம்ம ஒரு ஓட்டு மாறினா என்னான்னு நெனைச்சேன்" என்றார். தலைக்கு மேல் பார்த்தேன். தகரம் புதிதாகப் பளபளவென்று இருந்தது. லயத்தில் வேறு பல கூரைகளிலும் இப்படிப் புதுத் தகரம் ஏறியிருப்பது அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் இதையேதான் நினைத்திருக்கிறார்கள். உங்களை யாரும் வெறுக்கவில்லை அண்ணா. நீங்கள் எப்படியும் ஜெயித்துவிடுவீர்கள் என்று நம்பித்தான் தோற்கடித்திருக்கிறார்கள்.

அன்று பிள்ளைக்குப் பக்கத்தில் வேப்பிலையால் வீசிக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். அம்மை வந்தால் நாம் "ஆத்தா வந்திருக்கா" என்கிறோம். வாசலில் வேப்பிலை கட்டுகிறோம், வீட்டில் தாளிக்க மாட்டோம், சத்தம் போட்டுப் பேச மாட்டோம். வந்தவளை அவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறோம். பழி வாங்க வந்தவளை யாராவது அப்படி வைத்திருப்பார்களா? அவள் ஓட்டு எண்ணிப் பார்க்கிறவள் அல்ல என்று எனக்குத் தோன்றியது. நான் அதிகம் படித்தவள் இல்லை, சரியோ பிழையோ தெரியாது. ஆனால் அப்படி நினைத்த பிறகு மறுபடி கோயில் படி ஏற முடிந்தது.

இனி அவசரமான விஷயம். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. சில கொப்புளங்கள் சீழ் பிடித்திருக்கின்றன. தோட்டத்து மருந்தையா வந்து பார்த்துவிட்டு உடனே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார். அக்கா கேட்கவில்லை. "சத்தியத்த மீறினவ நானு. மருந்து ஊசின்னு போனா ஆத்தா இன்னும் கோவிச்சுக்குவா. பிள்ளைய எடுத்துக்குவா" என்கிறார். நான் சொன்னதை எல்லாம் கேட்கிறார், தலையை மட்டும் ஆட்டிவிடுகிறார். புருஷன் வீரய்யா அண்ணன் பிள்ளையைத் தூக்கப் போனால் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்.

இதை அப்பாவிடம் சொன்னேன். நேற்று எழுந்து சட்டை போட்டுக்கொண்டு அவர்கள் வாசலில் போய் நின்றார். லயமே பார்த்துக்கொண்டிருந்தது. "தாயி, நான் வாங்குன சத்தியத்த நானே விட்டுட்டேன். பிள்ளைய ஆசுபத்திரிக்குக் கொண்டு போ" என்றார். அக்கா உள்ளே இருந்தபடியே, "ஓட்டு ஒங்களுக்கா கேட்டீங்க? தம்பிக்கில்ல கேட்டீங்க. தம்பி வந்து அம்மன் முன்னால விட்டாருன்னா நான் எந்திரிக்கிறேன்" என்றார். அப்பா திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவர் அழுவதை நான் இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன்.

அதனால்தான் எழுதுகிறேன். அழகண்ணன் நாளை மறுநாள் திரும்பி வருகிறார். அந்த லொறியிலேயே வந்துவிடுங்கள். கடையில் லீவு தராவிட்டாலும் வாருங்கள். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். கோயிலில் சூடம் ஏற்றி, "எனக்காகச் செய்த சத்தியத்தை எல்லோருக்கும் விட்டேன், யார் மேலும் எனக்கு மனஸ்தாபம் இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா மட்டும் அல்ல, கோயில் பக்கம் வரப் பயந்து உள்ளே கிடக்கிற பல பேர் வெளியே வருவார்கள். மனஸ்தாபம் இருந்தாலும் சொல்லுங்கள் அண்ணா. சொன்ன பிறகு அது போய்விடும் என்று நினைக்கிறேன். எனக்குப் போய்விட்டது.

சனங்கள் சிரிப்பார்களே என்று நினைப்பீர்கள். சிலர் சிரிக்கத்தான் செய்வார்கள். லொறி டவுனில் நிற்கும் இடத்துக்கு நான் வந்து நிற்பேன். கடைத் தெருவில் தனியாக நின்று எனக்குப் பழக்கம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நிற்பேன். நீங்கள் இறங்கினதும் பக்கத்தில் சேர்ந்து நடந்து வருவேன். சிரிக்கிறவர்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொள்ளட்டும்.

ஆத்தா உங்களைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கட்டும். அந்தப் பிள்ளையையும் அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் வழி பார்த்திருக்கும்
தங்கச்சி தவமணி