தகரத்துக்குள் போன மூன்று ஜூல்

பாப்பா,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். பட்டறையில் ஒரு காரைக் காலையிலேயே முடித்துக் கொடுக்க வேண்டும், அதனால் உன்னை எழுப்பவில்லை. போகும்போது சாவியை மாடி வீட்டு அத்தையிடம் கொடு.

நேற்று நீ கசக்கி எறிந்த கணக்குத் தாளை எடுத்து நீவிப் பார்த்தேன். இரண்டு கிலோ வண்டி வினாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வந்து, சும்மா நிற்கும் ஒரு கிலோ வண்டியில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மோதுமுன் ஒன்பது ஜூல் ஆற்றல். பிறகு இரண்டும் சேர்ந்து இரண்டு மீட்டர் வேகத்தில் போகிறபோது ஆறு. மூன்று ஜூல் இழப்பு என்று சரியாகத்தான் போட்டிருக்கிறாய். "அதெப்படி காணாமப் போகும்? நல்லா படிச்சே போ" என்று நான் சிரித்திருக்கக் கூடாது.

டீ குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கொஞ்சம் சத்தமாகவும் சூடாகவும் போயிருக்கும். மிச்சம் தகரத்தை நசுக்கியிருக்கும். இருபது வருடமாக அதைத்தானே தட்டி நிமிர்த்துகிறேன்!

ஒன்றாம் வகுப்பு லீவில் பட்டறைக்கு வருவாய். நசுங்கின கதவைத் தடவி, "இதுக்கு வலிக்குதாப்பா?" என்பாய். நான் தட்டத் தட்ட, நீ பக்கத்தில் நின்று, "அவ்ளோதான், அவ்ளோதான்" என்று கதவைச் சமாதானப்படுத்துவாய். பட்டறையே வேலையை விட்டுவிட்டு உன்னை வேடிக்கை பார்க்கும். அப்போதெல்லாம் எதையும் முதலில் என்னிடம்தான் கேட்பாய்.

அப்பா

பால் பொங்கி அடுப்பெல்லாம் ஆகிவிட்டது. நான்தான். வந்து துடைக்கிறேன்.

சாயங்காலம் அடுத்த கணக்கை எனக்குச் சொல்லிக்கொடு. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்கிறேன்.