ஒரு பக்கம் மட்டும் கறை

குவாதலூப்பே மாதா துணை

மணல்மேட்டு முகாம்,
ஞாயிறு காலை

என் அன்பு மகள் மரிபெல்லுக்கு உன் அப்பா எவரிஸ்தோ எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் கப்பலில் வேளைக்குச் சாப்பிட்டு, கிடைத்த நேரத்தில் தூங்கி, நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். முதலில் ஒரு விஷயம். இன்ஜின் பிரிவை விட்டுச் சாமான் அறைக்குப் போகிறேன், டிசம்பர் இருபதுக்குள் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருந்தாயே, இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரை படித்து முடிக்காமல் அந்தத் தாளைத் தொடாதே. இது அப்பாவின் கட்டளை இல்லை, கட்டளை போடும் யோக்கியதை எனக்கு இப்போது கிடையாது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீ மே மாதம் கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் சாப்பாடு தூக்கம் பார்க்காமல் பிரித்துப் பூட்டினாயே, மணலில் ஓட்டும் நம் நாலு சக்கர பைக் வண்டியின் அந்த இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், அது அக்டோபரில் கொட்டகையை விட்டு வெளியே எடுத்ததும் ஒற்றை சிலிண்டரில்தான் ஓடுகிறது என்று உனக்கு எழுதினேன். அதோடு விட்டேனா? நீ போட்ட இடது பக்க சீல், காற்றை அடைக்கிற அந்த ரப்பர் வளையம், திரும்பி உட்கார்ந்திருக்கும் என்றும் எழுதினேன், அவசரக் கைவேலை அப்படித்தான் இருக்கும் என்றும் எழுதினேன். அதற்கு நீ போட்ட பதில் நாலே வரி, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் அப்பா, எனக்கு இந்தக் கை வரவில்லை போலிருக்கிறது, சாமான் அறைக்கே போய்விடுகிறேன் என்று. அம்மா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. "பொண்ணு கையைக் குத்தம் சொல்ற கிழவா, அந்த இன்ஜினைத் தொறந்து கண்ணால பாத்தியா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை. நவம்பர் கடைசியில் நன்றி நாள் விடுமுறைக்கு, மணலில் வண்டி ஓட்டுகிற நம் முகாமுக்கு எடுத்துப் போகிறேன், உன் ஞானத்தகப்பன் செலஸ்தினோ இருப்பான், இருவரும் சேர்ந்து திறந்து காட்டுகிறோம் என்று சொல்லி அப்போதைக்குத் தப்பித்தேன்.

நான் ஒன்றுமே சோதிக்காமல் சொல்லவில்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஓடவிட்டு, விரலைத் தண்ணீரில் நனைத்து இரண்டு புகைக்குழாயிலும் சொட்டினேன், வலது பக்கம் சுர்ரென்றது, இடது பக்கம் சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. இடது பிளக்கைக் கழற்றினால் குளித்து வந்தது மாதிரி ஈரம். இரண்டு பிளக்கையும் மாற்றிப் போட்டேன், அப்போதும் செத்தது இடதுதான். பிளக்கை இன்ஜினில் சாய்த்து வைத்து உதைத்தால் நல்ல நீலப் பொறி. அழுத்தம் அளந்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு. கார்புரேட்டர்களைக் கழற்றிக் கழுவி, இடதை வலதிலும் வலதை இடதிலும் பூட்டினேன், அப்போதும் இடதுதான். பொறி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது, பிறகு சீலைத் தவிர வேறென்ன? செலஸ்தினோ வந்த அன்றே சொன்னான், "எல்லாம் சரி கொம்பாத்ரே, வாயையும் பின்னாடியையும் அடைச்சுக் காத்தடிச்சுப் பாத்தியா? சீல் போயிருந்தா காத்து நிக்காதே" என்று. அதற்குக் குழாயைக் கழற்ற வேண்டும், ஸ்பிரிங்கை இழுக்க வேண்டும், முழங்காலை மடக்க வேண்டும். முப்பது வருஷமா காதாலயே கண்டுபிடிக்கிறேன், எனக்குக் காத்து வேற அடிக்கணுமா என்று நெஞ்சை நிமிர்த்தினேன். "உன் காது டிராக்டர் சத்தத்துல எப்பவோ போயிருச்சே" என்றான். சிரித்துவிட்டு மறந்துவிட்டோம். ஆனால் முகாமில் ராத்திரி குளிர் காயும் பக்கத்து நெருப்பு, எதிர் நெருப்பு என்று ஒருவரையும் விடாமல் நம் பெண் சீலைத் திருப்பிப் போட்ட கதையைச் சொன்னேன் மகளே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதுதான் நான்.

இனிமேல் அம்மாவின் கதை. வண்டியை எப்போதும் போல, முகாமில் நாம் தங்கும் டிரெய்லர் வீட்டுக்கு முதுகைக் காட்டித்தான் நிறுத்துவேன், உனக்குத் தெரியும், காலையில் சூடேற்றும்போது இரண்டு சைலன்சரும் வெள்ளைச் சுவரில் கரும்புள்ளியாக ஆயிலைத் துப்பும், சாயங்காலம் அம்மா திட்டிக்கொண்டே துடைப்பாள், இருபது வருஷமாக நடக்கிற சண்டை. நேற்றுக் காலை வண்டியை ஒரு முறை சூடேற்றிப் பார்த்துவிட்டு, நானும் செலஸ்தினோவும் கீழே துணி விரித்து, கருவிகளை வரிசையாக அடுக்கி, இன்ஜினை இறக்கத் தயாராகிவிட்டோம். அம்மா கையில் டொர்டியா மாவோடு வெளியே வந்தவள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். "மூணு நாளா ஒரு பக்கம்தானே தொடைக்கிறேன். இந்தப் பக்கம் ஏன் கறையே இல்லை?" என்று கேட்டாள். நான் பெரிய வாத்தியார் மாதிரி, அந்த சிலிண்டர் செத்துப்போச்சு கிழவி, அதான் துப்பலை என்றேன். அவள் நகரவில்லை. "எரியாத அடுப்புலதான புகை ஜாஸ்தி வரும். எரியாம போற பெட்ரோலும் ஆயிலும் எங்க போகுது? செத்த பக்கம்ல அதிகமாத் துப்பணும்?" என்றாள். செலஸ்தினோவின் கையிலிருந்த ஸ்பானர் அப்படியே நின்றது. அவன் என்னைப் பார்த்தான், நான் முழங்காலைப் பார்த்தேன். மரிபெல், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் அறுபது வருஷ அனுபவம், ஒருவனுக்கும் அது உறைக்கவில்லை.

வண்டியை உதைத்தோம். அம்மா மாவுக் கையை முதலில் வலது சைலன்சருக்குப் பின்னால் பிடித்தாள், மாவு பறந்தது. இடதுக்குப் பின்னால் பிடித்தாள், மாவு மாவாகவே இருந்தது. மூச்சே இல்லை. நிறுத்தி, தீப்பொறித் தடுப்பு மூடியைக் கழற்றி, வளைந்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தேன். கட்டை விரல் நீளத்துக்கு, கன்னங்கரேலென்று, ஆயிலில் ஊறிப் பிசின் மாதிரி ஆகிப்போன ஒரு பொருள் வந்தது. செலஸ்தினோ ரப்பர் என்றான், நான் எலி என்றேன். அம்மா அதை வாங்கி நகத்தால் கீறினாள், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, கேரட் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷம் தரம் பிரித்த கை அது. "கேரட்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை உனக்கு விவரிக்கத் தேவையில்லை.

வண்டி கழுவும்போது தண்ணீர் போகாமல் சைலன்சர் வாயில் எல்லாரும் ரப்பர் அடைப்பு வைப்பார்கள், நம் ஊரில் எதற்கு ரப்பர், கேரட்டுக்கா பஞ்சம் என்று நான் மட்டும் கேரட்டைச் செருகி, முடிந்ததும் தழையைப் பிடித்து இழுப்பேன், அதில் எனக்குப் பெருமை வேறு. நீ கிளம்பிய அன்றும் அப்படித்தான். நீ ஓட்டிப் பார்த்து இரண்டு பக்கமும் அருமையாகப் பாடுகிறது என்று நிறுத்திவிட்டுப் பை கட்டப் போனாய், நான் கழுவினேன். வலது பக்கம் முழுசாக வந்தது, இடது பக்கம் தழையும் பாதியும்தான் வந்தது, நான் கவனிக்கவில்லை, மேலே மூடியை வைத்து முடுக்கிவிட்டேன். அன்று நான் அழுதுகொண்டிருந்தேன் மகளே. அம்மாவிடம் சோப்பு கண்ணில் பட்டது என்று சொன்னேன். இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன். அந்தப் பாதிக் கேரட் கோடை முழுக்கக் காய்ந்து சுருங்கி, ஓடவிட்டதும் மூடித் துவாரத்தில் போய்த் தக்கை மாதிரி உட்கார்ந்துகொண்டது. அதற்குத்தான் உன் கையை நான் குற்றம் சொன்னேன்.

மூடியைப் போட்டு உதைத்தோம். ஒரே உதை. இரண்டு பக்கமும் சேர்ந்து கத்திய சத்தம் என் கெட்டுப்போன காதுக்கே கேட்டது. செலஸ்தினோ தொப்பியைக் கழற்றிவிட்டான். ஆனால் என் புத்தி இருக்கிறதே, நின்ற இடத்தில் ஓடுவது பெரிதில்லை, பாரம் ஏறினால்தான் சீல் தெரியும், கழுதை மேட்டின் செங்குத்து மணலில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். அம்மா மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தாள், உன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினாள். "என் பொண்ணு பூட்டினது. நான்தான் ஏத்துவேன், நீ ஓரமா நில்லு" என்றாள். ஐம்பத்தெட்டு வயது. எதிரே மேடேறி வருகிறவர்களுக்குத் தெரிய வண்டியில் நட்ட கொடிக்கம்பு சரியாக நிற்கிறதா என்று பார்த்தேன், அதற்குமேல் செய்ய என்னிடம் ஒன்றுமில்லை. முகாமே எழுந்து நின்று பார்த்தது. பாதி மேட்டில் எல்லாரும் வேகத்தைக் குறைக்கிற இடத்தில் அவள் குறைக்கவில்லை. இன்ஜின் ஒரு இடத்திலும் இருமவில்லை, உச்சி வரை ஒரே சுருதி. மேலே போய் வண்டியைத் திருப்பி நிறுத்தி, இறங்கி, இரண்டு குழாய்க்கும் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்திருக்கிறாள், கீழே வந்து சொன்னாள், "ரெண்டும் சுர்ருங்குது." உன் அம்மாவைக் கல்யாணம் செய்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது, எவ்வளவு பெரிய மனுஷியோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று நேற்றுத்தான் முழுசாகத் தெரிந்தது. உன்னையும் அப்படித்தான் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இன்று காலை முட்டையும் உப்புக்கண்டமும் போட்ட மச்சாக்கா சாப்பிட எல்லாரும் கூடினபோது, அம்மா சொல்லாமலே நான் எழுந்து நின்று, தப்பு என்னுடையது, சீல் போட்ட கை சரியான கை என்று யார் யாரிடம் சொன்னேனோ அவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். சிரித்துத் தள்ளிவிட்டார்கள், இனி என் பெயர் கேரட்தான், பரவாயில்லை. இன்ஜினைத் திறக்கவே இல்லை மகளே. திறக்கத் தேவையிருக்கவில்லை.

குளிரில் காதை மூடிக்கொள், கப்பல் காப்பியைக் குறைத்துக்கொள், ஞானத்தகப்பனுக்கு இரண்டு வரி எழுது, பாவம், உன்னைக் குற்றம் சொல்லும் முன் காற்றடித்துப் பார் என்று முகாமில் சொன்னவன் அவன் ஒருவன்தான். மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், என் ஆசீர்வாதமும் அம்மாவின் முத்தமும் எப்போதும் உனக்கு உண்டு. நாளை ஊர் போனதும் முதல் வேலையாக இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். உறைக்குள் கறுப்பாக ஒன்று இருக்கும், தூக்கி எறிந்துவிடாதே. அந்தத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தால் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எடு. டிரெய்லர் சுவரில் இப்போது இரண்டு கறை இருக்கிறது, அம்மா இரண்டையும் துடைக்கவில்லை, துணியை நான் எடுத்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

இப்படிக்கு,
உன் இன்ஜினில் கேரட் வைத்த அப்பா,
எவரிஸ்தோ