வேந்தர் எழுந்ததால் அணைந்த விளக்கு

ஆறு மூன்றும் வற்றாதிருக்க, அறம் ஒன்றும் வழுவாதிருக்க, வெண்குன்ற நாட்டை ஒரு குடைக்கீழ் வைத்துக் காக்கும் வேந்தர், பகைவரின் புறங்கண்ட பெருந்தோளர், புலவர்க்கும் கூத்தர்க்கும் வாயில் அடைக்காத வள்ளல், விறலாதித்தரின் திருமுன்பு, நிழலரங்கத்தின் விழாவமைச்சன் ஓதனூர் கிழான் பெருங்காரி தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. வேந்தர் நலமே வாழ்க. தேவியாரும் மக்களும் நலமே வாழ்க. பட்டத்து யானையும் நலமே வாழ்க. பெருங்காரி நலமாயில்லை. அதன் காரணம் பின்வருமாறு.

இன்று காலை அரண்மனைப் பண்டசாலைத் தலைவர் ஓர் ஆணையோலையோடு பெருங்காரியின் வாயிலுக்கு வந்தார். நிழற்கூத்தி மருதியின் தோற்பாவைகள் அனைத்தையும் மூன்றாண்டு பூட்டிவைக்க வேண்டும் என்றும், விழாவமைச்சனின் முத்திரை ஒன்றே குறை என்றும், வண்டி வெளியே நிற்கிறது என்றும் அறிவித்தார். சட்டப்படி அவர் சொன்னதில் பிழையில்லை. ஆயினும் முத்திரையை எடுத்த கை ஓலைமேல் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்பதைச் சொல்ல, பொற்றிரை விழாவின் வரலாற்றை வேரிலிருந்தே சொல்ல வேண்டும். நாட்டில் எல்லாரும் அறிந்த வரலாறுதான். வேந்தரிடம் சொல்லத்தான் இதுவரை ஆளில்லை. பெருங்காரிக்கும் அச்சம் உண்டு. ஆனால் சலிப்பு அச்சத்தைவிடப் பெரிதாய் வளர்ந்துவிட்டது.

வேந்தரின் பாட்டனார், நாட்டின் சிறந்த நிழற்கூத்துக்கு ஆண்டுதோறும் பொற்றிரை என்னும் விருதை வழங்கத் திருவுளம் கொண்டார். நடுவர்களை அமர்த்தினால் அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வழியே பலாப்பழம் போகும் என்பதை அறிந்தவர் ஆதலால், நடுவரே வேண்டாம், விளக்கே நடுவர் என்றார். திரைக்குப் பின்னுள்ள விளக்கில் ஓர் உழக்கு எண்ணெய். அது தீர்ந்து அணையும்வரை அவை எழாதிருந்தால் அக்கூத்துக்குப் பொற்றிரை. விளக்கு எரிகையிலேயே அவை எழுந்துவிட்டால் கூத்து அந்த இடத்திலேயே நிற்கும், அவையைச் சலிப்பூட்டிய குற்றத்துக்குப் பாவைகள் பண்டசாலைக்குப் போகும். கடுமையான விதிதான், ஆனால் நேர்மையான விதி. பாட்டனார் குடிகளோடு குடியாய்ப் பாயில் அமர்ந்தார், சலித்தபோது எழுந்து போனார், அவர் போனதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அக்காலத்தில் பொற்றிரை வென்ற கூத்தைக் காண அயல்நாட்டார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள்.

பின்பு வேந்தரின் தந்தையார் ஆட்சிக்கு வந்தார். விழாவுக்குப் பெருமை சேர்க்க வேண்டுமென்று அரியணையை நிழலரங்கத்துக்குள் கொண்டுவந்து போட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அரியணை வந்தால் அதன் மரபும் உடன் வருமன்றோ? அரியணையில் வேந்தர் அமர்ந்திருக்க எவரும் எழலாகாது. வேந்தர் எழுந்தபின் எவரும் அமர்ந்திருக்கலாகாது. அன்றுமுதல் ஆயிரம் பேர் கொண்ட அவையின் சுவையெல்லாம் ஒரே ஒருவரின் இடுப்பில் போய்த் தங்கிற்று. தந்தையார்க்குப் பசி பொறுக்காது. பசித்தபோது அவர் எழுவார், அவை எழும், நல்ல கூத்துகளின் பாவைகள் பண்டசாலைக்குப் போகும். இதை மாற்றலாமே என்று அமைச்சரவையில் எடுத்துரைத்தபோது, மூத்த அமைச்சர்கள் பெருங்காரியைப் பார்த்துச் சிரித்தார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது?

இப்போது வேந்தரின் காலம். வேந்தர் பொறுத்தருள்க, இதைச் சுற்றிவளைத்துச் சொல்லவும் பெருங்காரிக்குத் தெம்பில்லை. வேந்தர் நிழலரங்கத்தில் உறங்குகிறார். பகலெல்லாம் வழக்கும் வரியும் எல்லைச் சண்டையும் பார்த்துக் களைத்து வருபவர், இருட்டும் குளிர்ந்த காற்றும் மெத்தை இட்ட இருக்கையும் கிடைத்தால் உறங்காமல் என்ன செய்வார்? அதில் குற்றம் இல்லை. ஆனால் உறங்குபவர் எழுவதில்லை. அவர் எழாதபோது அவையும் எழுவதில்லை. விளக்கு தானே அணைகிறது. பொற்றிரை தானே கிடைக்கிறது. முதலாண்டில் இது தற்செயலாக நேர்ந்தது. நாட்டிலுள்ள ஏரிகளின் பெயரையெல்லாம் ஒரே குரலில் ஓதிய குழுவொன்று விருது பெற்றது. வேந்தர் கண் மூடியிருந்ததை, அகக்கண்ணால் கண்டருளினார் என்று அரண்மனை அறிவித்தது.

கூத்தர்கள் முட்டாள்கள் அல்லர். மறுவாண்டே முழவை விட்டார்கள், தாலாட்டைப் பிடித்தார்கள். ஒரு பசு அசைபோடுவதை மட்டுமே காட்டிய குழு பொற்றிரை பெற்றது. அந்தப் பசு எழுந்துகூட நிற்கவில்லை. மற்றொரு குழு மடைப்பள்ளித் தலைவனைக் கைக்குள் போட்டுக்கொண்டு, அன்றைய பொழுதில் வேந்தரின் இலையில் தயிர்ச்சோறே விழுமாறு செய்தது. வீட்டில் உறங்காத குழந்தைகளைத் தாய்மார் நிழலரங்கத்துக்குத் தூக்கி வருகிறார்கள். சென்ற ஆண்டு வந்த கருவூர்ப்பட்டணத்துத் தூதர், இவ்விருது கூத்துக்கு உரியதா மருத்துவத்துக்கு உரியதா என்று மிகுந்த பணிவோடு வினவினார். பெருங்காரி அவருக்கு வெற்றிலை கொடுத்துப் பேச்சை மாற்றினான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இந்நிலையில்தான் நேற்று அந்தியில் மருதி திரை கட்டினாள். அவள் குழுவில் எழுவர். பாவைகளே அவர்களுக்கு ஏரும் எருதும். தாலாட்டைச் சேர்த்துக்கொள் என்று பலர் அறிவுரை சொல்லியும் அவள் கேட்கவில்லை. கதை ஓர் ஓடக்காரியைப் பற்றியது. காயம்பட்ட பகை வீரன் ஒருவனை அவள் இரக்கத்தால் அக்கரை சேர்க்கிறாள். அதை அறிந்த அவ்வூர் அரசன் அவளுக்குக் கொலைத்தண்டனை விதிக்கிறான். முழவு அதிர்ந்த அதிர்ச்சியில் வேந்தர் கண் விழித்தார். விழித்தவர் மீண்டும் சாயவில்லை. ஓடக்காரியைக் கொலைக்களத்துக்குக் கொண்டுவந்தார்கள்; அவள் கைக்குழந்தையை அடுத்தவளிடம் கொடுத்தாள்; வாள் ஓங்கிற்று. அப்பொழுது வெண்குன்ற நாட்டு வேந்தர், மேலாடை நழுவியதும் அறியாமல், இடைவாளில் கை வைத்து எழுந்தார்.

வேந்தர் எழுந்தார்; அவை எழுந்தது; காவலன் விதிப்படி ஓடி விளக்கை அணைத்தான். அவ்வளவுதான் கூத்து. இருட்டில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. பல இடங்களில் அழுகுரல் மட்டும் கேட்டது. இத்தனை ஆண்டில் நிழலரங்கத்தில் பெருங்காரி கேட்ட முதல் அழுகை அது. அவனும் அழுதான் என்பதை மறைப்பதற்கில்லை.

இன்று பண்டசாலை வண்டியின் பின்னாலேயே மருதி வந்தாள். அவள் சொன்னதை அவள் சொல்லாலேயே எழுதுவது முறை: “தூங்கினா விருது, துடிச்சு எழுந்தா தண்டனையா, ஐயா? இது எந்த ஊரு நியாயம்? பண்டசாலை ஈரத்துல மூணு வருஷம் கெடந்தா தோலைக் கரப்பான் தின்னுடும். அப்புறம் எங்களையும் சேர்த்துப் பூட்டிடுங்க.” காய்கறி அங்காடியிலும் ஆற்றுத் துறையிலும் இன்று வேறு பேச்சே கிடையாது. ஓடக்காரி பிழைத்தாளா என்றே எல்லாரும் கேட்கிறார்கள். வேந்தரும் விடிந்ததும் மெய்க்காவலனை அழைத்து, அவளைக் கொன்றுவிட்டார்களா என்று வினவினாராம். அரண்மனைச் சுவருக்கும் காது உண்டு. பெருங்காரி அறிந்தான், மனம் நிறைந்தான், அதன்பின் சினந்தான். தம் நெஞ்சைத் தொட்ட கூத்தைத் தம் பெயராலேயே பூட்டப் போகிறார்கள் என்று அறியாமல் வேந்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆகவே விழாவமைச்சன் பெருங்காரி, அமைச்சன் வேந்தர்க்கு ஆணையிடும் வழக்கம் எந்நாட்டிலும் இல்லை என்பதை நன்கு உணர்ந்தே, இட்ட ஆணை இது. பண்டசாலை வண்டி வெறுமையாகத் திருப்பி அனுப்பப்பட்டது. நிழலரங்கத்திலிருந்து அரியணை அகற்றப்பட்டது. அதைச் சுமந்த எண்மரும் பெருங்காரியின் சொல்லுக்கே கட்டுப்பட்டார்கள், அவர்கள்மேல் பிழையில்லை. இன்று விளக்கேற்றும் பொழுதில் மருதியின் கூத்து நின்ற இடத்திலிருந்து தொடரும். வேந்தர் வந்து விரும்பிய பாயில் அமர்க. உறக்கம் வந்தால் மாளிகைக்குச் செல்க. எழ வேண்டுமென்று தோன்றினால் எழுக. அவர் எழுந்தார் என்று எவரும் எழார். பின்னால் இருப்பவர் திரை மறைகிறது என்று குரல் கொடுத்தால் மட்டும் வேந்தர் அமர்ந்தருள்க.

இவை ஓதனூர் கிழான் பெருங்காரியின் எழுத்து. ஆணையோலையில் இடாத முத்திரை இவ்வோலையில் இடப்பட்டது. முத்திரை மோதிரமும் இத்துடன் கட்டி அனுப்பப்பட்டது. வேந்தரின் கொற்றம் வெல்க. அமைச்சனுக்குத் தண்டனை உண்டெனில், கூத்து முடிந்தபின் வழங்குக.